வாசலில் கட்டிய மிஷின்

ஜோடிக்காளை மார்க் மசாலாக் கம்பெனிக்கு எந்த மிஷினும் ஒற்றையாக வந்ததில்லை. மிளகாய் அரைக்க இரண்டு, மல்லி வறுக்க இரண்டு, பாக்கெட் ஒட்ட இரண்டு. பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் வேலை இருக்கும். மற்றது பக்கத்தில் சும்மா நிற்கும். "ஒத்த மாட்ட வச்சு எவனாச்சும் உழுதிருக்கானா?" என்று முதலாளி தங்கப்பாண்டியன் கேட்பார். நியாயமான கேள்விதான். மசாலாக் கம்பெனியில் யாரும் உழவில்லை என்பதை மட்டும் எவரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

தேனியிலிருந்து சின்னமனூர் போகிற சாலையில், வீரபாண்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கம்பெனி. முப்பத்திரண்டு பேருக்கு வேலை. அதில் மாரீஸ்வரி சூப்பர்வைசர். இருபது வயதில் மிளகாய்க்குக் காம்பு கிள்ள வந்தவள், முதல் வாரம் முழுக்கத் தும்மியே சம்பளம் வாங்கினாள். இப்போது நாற்பத்து நான்கு வயதாகிறது. தூள் பறக்கிற அறையின் நடுவில் நின்று நிதானமாகக் கொட்டாவி விடுவாள். இந்த இருபத்து நான்கு வருடத்தில் அவள் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டாள். ஒன்று மசாலா. மற்றது, முதலாளியின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பது. மசாலாவைக் கற்க ஆறு மாதம் போதுமானதாக இருந்தது.

தங்கப்பாண்டியன் குச்சனூர்க்காரர். அவருடைய அப்பா காலத்தில் வீட்டில் ஏழு ஜோடி உழவு மாடு நின்றது. டிராக்டர் வந்தது, மாடுகள் போயின. அவர் மல்லி, மிளகாய் வாங்கி விற்கிற வியாபாரத்துக்கு வந்து, அதிலிருந்து அரைக்கிற தொழிலுக்கு இறங்கினார். தொழில்தான் மாறியது. கோயம்புத்தூரில் மிஷின் கண்காட்சி என்றால் மற்ற முதலாளிகள் விவரம் தெரிந்த இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இவர் மாட்டுத் தரகர் சங்கிலியைக் கூட்டிக்கொண்டு போவார். சங்கிலிக்கு மிஷினைப் பற்றி எதுவும் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. முதலில் மிஷினின் பின்பக்கம் போய் நிற்பார். குனிந்து கால்களைப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடத்தை வைத்து அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்களே, அதுதான். மிஷினுக்கு மயிர் இல்லாததால் ஸ்க்ரூ இருக்கிற இடங்களைச் சுழியாக வைத்துக்கொண்டார்.

"நெத்திக்கு நடுவுல ரெண்டு இருக்குல்ல, ராசசுழி. பிடிங்க," என்பார். அல்லது, "வால்கிட்டத் தொடப்பச் சுழி கெடக்கு. வீட்டையே தொடச்சு எடுத்துரும். வேணாம் மாமா," என்பார். கண்காட்சியிலேயே நல்ல மிஷின் என்று எல்லோரும் சொன்ன ஒன்று இப்படித்தான் பின்பக்கத்து நான்கு ஸ்க்ரூவால் நிராகரிக்கப்பட்டது.

விலை பேசுவதும் அதே முறைதான். சங்கிலி தோள் துண்டை எடுத்து விற்கிறவரின் கைமேல் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் தொகை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. கழுத்தில் டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி ஒருவர், திடீரென்று ஒரு பெரியவர் தன் கையைத் துண்டுக்குள் பிடித்து நடுவிரலை நசுக்கியதும் வெலவெலத்துப்போய், கேட்ட தள்ளுபடியைக் கொடுத்துவிட்டார். முறை பலிக்கிறது என்பதற்கு முதலாளிக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அப்படி வந்த முதல் ஜோடிதான் மிளகாய் அரைக்கிற மிஷின்கள். சாம்பல் பெயிண்ட் அடித்தது மயிலை. சிவப்பு அடித்தது செவலை. ஊரெல்லாம் மிஷினுக்கு ஆயுத பூஜை போடும்; இங்கே மாட்டுப் பொங்கலன்று மிஷின்களைக் கழுவி, மூலைகளுக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு, பொங்கலை ஒரு வாய் புனலுக்குள் ஊட்டுவார்கள். மறுநாள் அந்தப் பொங்கலை வழித்தெடுப்பது மாரீஸ்வரியின் வேலை. வெல்லம் பிசுபிசுவென்று ஒட்டும்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மிஷினை மிஷினாகப் பார்க்கிற முதலாளி எந்த ஊரில் இருக்கிறான்? ஒருவன் அதைப் பக்கத்துக் கம்பெனிக்காரனின் வயிற்றெரிச்சலாகப் பார்ப்பான். இன்னொருவன் மச்சினன் முன்னால் ஓட்டிக் காட்டுகிற காராகப் பார்ப்பான். தங்கப்பாண்டியன் மாடாகப் பார்த்தார். மாடாகப் பார்த்ததால் வேளாவேளைக்கு எண்ணெய் விட்டார், சத்தம் மாறினால் நிறுத்தினார், ஓய்வு கொடுத்தார். பதினெட்டு வருடம் எல்லாம் ஓடியது. கோளாறு வந்தது மாட்டில் இல்லாத ஒன்று தேவைப்பட்டபோதுதான்.

அதற்கு முன்னால் பவுனு கதையைச் சொல்லிவிட வேண்டும்.

பவுனு பாக்கெட் போடுகிற பிரிவில் இருந்தாள். பொட்டிப்புரத்துக்காரி, மாரீஸ்வரியைவிட மூன்று வயது மூத்தவள். அவளுடைய தாலிக்கயிற்றில் எப்போதும் மூன்று ஊக்கு தொங்கும். யாருக்கு ஜாக்கெட் கொக்கி தெறித்தாலும், செருப்பு வார் அறுந்தாலும் பவுனிடம்தான் ஓடுவார்கள். கொடுத்துவிட்டு மறுநாள் புது ஊக்கோடு வருவாள். மூன்று வருடத்துக்கு முன்னால், மதுரைக் கடைக்காரர் ஒருவர் மிளகாய்த்தூள் பாக்கெட் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். உள்ளே அரை விரற்கடை நீளத்துக்கு ஒரு கம்பி இருந்தது.

முதலாளி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாக்கெட் பிரிவுக்கு வந்தார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர் பவுனின் கழுத்தருகே நின்றார்.

"இது ஊக்கு," என்றார்.

"என் ஊக்கு மூணும் இந்தா இருக்குங்கய்யா," என்றாள் பவுனு.

"நாலாவது எங்க?"

இருந்திராத நாலாவது ஊக்குக்கு யார் கணக்குச் சொல்ல முடியும்? அவள் முழித்தாள். முழித்ததே சாட்சியாகிவிட்டது. "உங்க ஊரு மலைக்கடியில கண்ணுக்குத் தெரியாத எதையோ பிடிக்க மிஷின் வைக்கப் போறாகன்னு வருசக்கணக்காப் பேசுறாக. நீ கண்ணுக்குத் தெரியிற ஊக்க விட்டுருக்க," என்றார் முதலாளி. சிலர் சிரித்தார்கள். பிறகு மாரீஸ்வரி பக்கம் திரும்பி, "நோட்டுல எழுது. ஊக்கு. பவுனு," என்று சொல்லிக் கம்பியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மாரீஸ்வரி உடனே எழுதவில்லை. மிளகாய் கொட்டுகிற புனலுக்கடியில், ஆணி கீணி இருந்தால் பிடிப்பதற்காக ஒரு பெரிய காந்தம் கட்டியிருக்கும். அங்கே போய்க் கம்பியை அதில் வைத்தாள். ஒட்டவில்லை. கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. பவுனின் ஊக்குகள் பெட்டிக்கடையில் வாங்குகிற துருப்பிடிக்கிற இரும்பு. காந்தத்தைக் கண்டால் பாய்ந்து ஒட்டும். ஒட்டாத எவர்சில்வர் கம்பி அந்தக் கம்பெனியில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. மயிலை சும்மா நிற்க, ஓடிக்கொண்டிருந்த செவலையின் வயிற்றுக்கடியில், தூளைச் சலிக்கிற வலையில்.

அந்தச் சல்லடையைத் தினமும் காலையில் திறந்து பார்த்து, 'சரி' என்று தாளில் கையெழுத்துப் போடுவது மாரீஸ்வரியின் பொறுப்பு. கையெழுத்து ஒரு நாள்கூட விடுபடவில்லை. திறந்து பார்த்துத்தான் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எட்டு போல்ட்டைக் கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும், கையெழுத்துப் போட ஒரு நொடி ஆகும். காரணம் அவ்வளவுதான்.

நோட்டில் எழுதினாள். ஊக்கு. பவுனு. எழுத்து அழகாக வந்திருந்தது.

பவுனு அன்றோடு நின்றாள். வேறு இரண்டு மசாலாக் கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள். அங்கெல்லாம் அவளுக்கு முன்னாலேயே ஊக்கு போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் தேனி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வெங்காயம் பொறுக்கப் போனாள். பதினான்கு வருடம் சுத்தமாக வேலை பார்த்தவளுக்கு 'ஊக்குப் பவுனு' என்று பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் பொம்பளை ஆட்கள் ஊக்கு, ஹேர்பின், வளையல் எதுவும் போடக்கூடாது என்று சட்டம் வந்தது. மாரீஸ்வரி அன்றிலிருந்து எட்டு போல்ட்டையும் தினமும் கழற்றினாள். வெட்கமாக இருந்தது. போல்ட்டைக் கழற்றுவதால் அது குறையவில்லை.

அடுத்த வருடம் கொச்சி சூப்பர்மார்க்கெட்காரர்கள் பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: மெட்டல் டிடெக்டர் வேண்டும். பெல்ட்டில் பாக்கெட்டுகள் வரிசையாக ஒரு சின்னக் கூண்டுக்குள் நுழைந்து வெளியே வரும்; உள்ளே உலோகம் இருந்தால் மிஷின் கத்தும், பெல்ட் நின்றுவிடும். இரும்பு, எவர்சில்வர் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும். மாரீஸ்வரி அதைக் கேட்ட நிமிடமே அவளுக்குப் பவுனு ஞாபகம்தான் வந்தது. ஆர்டர் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த மிஷின் மட்டும் உள்ளே வந்துவிட்டால், கம்பி எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லிவிடும்; தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தாள். கோழைத்தனம்தான். அவளும் அதை வேறு பெயர் சொல்லி அழைக்கவில்லை.

முதலாளி கேட்டார், "அது அரைக்குமா?"

"அரைக்காதுங்கய்யா."

"வறுக்குமா? ஒட்டுமா?"

"பாக்குமுங்கய்யா."

"பாக்குறதுக்கு எதுக்கு மிஷினு? அதுக்குத்தான் நீ இருக்கயே. திங்காத, உழுகாத மாட்டக் கட்டி வச்சுச் சாணி அள்ளச் சொல்றயா? அதுவும் ரெண்டு வாங்கணும்."

அவருடைய மகன் மதன்குமார் பெங்களூரில் வேலை பார்க்கிறவர். லீவில் வந்து லேப்டாப்பைத் திறந்து அரைமணி நேரம் படம் காட்டினார். ஐந்து வருடத்துக்கான தொழில்நுட்பத் திட்டம் என்று மேலே எழுதியிருந்தது. நீலக் கோடு ஒன்று கீழேயிருந்து மேலே போனது. முதலாளி கடைசிவரை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "கோடு நல்லா ஏறுது. வெளக்க அமத்துறப்ப ஃபேனையும் சேத்து அமத்திட்டு வா," என்று எழுந்து போனார்.

மாரீஸ்வரி நான்கு நாள் யோசித்தாள். ஐந்தாவது நாள் டீ நேரத்தில் போய் நின்றாள்.

"மொதலாளி, உங்க வீட்டுல நாய் இருக்குல்ல?"

"இருக்கு."

"அது உழுகுமா?"

"நாய் எங்கிட்டு உழும்?"

"பெறகெதுக்குங்கய்யா அதுக்குச் சோறு வைக்கிறீக?"

அவர் டீயைக் கீழே வைத்தார். அவருடைய தலைக்குள் மாட்டுக்கொட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு திறப்பது மாரீஸ்வரிக்குத் தெரிந்தது.

"நாயின்னா சரி," என்றார். "நாயின்னா ஒண்ணு போதும்."

மிஷினுக்கான ஆர்டர் கையெழுத்தானது. சங்கிலிகூடப் போகவில்லை, நாய்க்குச் சுழி கிடையாது என்பதால். மாரீஸ்வரி அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ப் பருப்பில் இரண்டு முறை உப்பைப் போட்டாள்.

மிஷின் வந்து இறங்கியது. பொருத்த வந்த ஆள், பாக்கெட் பிரிவு எங்கே என்று கேட்டார். முதலாளி கேட்டைக் காட்டினார்.

"இங்கன வைங்க."

"இல்லைங்கய்யா," என்று மாரீஸ்வரி ஓடி வந்தாள். "பாக்கெட் போட்ட பெறகு, கடேசில வைக்கணும். உள்ளார."

முதலாளி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஏத்தா மாரி, நீதான நாயின்னு சொன்ன. நாய வாசல்ல கட்டாம அடுப்படிக்குள்ளயா கட்டுவாக?"

நாயை அவிழ்த்துவிட்டது அவள்தான். தன் வாயால் தானே கெட்ட தவளையைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டிருந்தாள். இப்போது நேரில் பார்த்தாள்.

ஆக, பாக்கெட்டைப் பார்க்க வேண்டிய மிஷின், உள்ளே வருகிற மூட்டையைப் பார்த்தது. மூட்டை அந்தக் கூண்டுக்குள் நுழையாது. அதனால் வாசலிலேயே மூட்டையைப் பிரித்து, மிளகாயைத் தட்டில் பரப்பி, தட்டுத் தட்டாக அனுப்பினார்கள். இரண்டு ஆளுக்கு அதே வேலை. மிஷினும் சளைக்காமல் கத்தியது. ஆணி, ஐந்து ரூபாய்க் காசு, மாட்டு லாடத்துத் துண்டு, ஒருமுறை யாருடைய வீட்டுச் சாவியோ. ஒவ்வொரு முறை கத்தும்போதும் முதலாளி ஆபீசிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார். "நல்ல சாதி நாய். அடையாளம் தெரியாதவனை விடுறதில்ல."

கொச்சியிலிருந்து பார்வையிட வந்தவர் கேட்டில் நின்று நெடுநேரம் தலையைச் சொறிந்தார். "இது எந்தா இவிடெ?" என்று கேட்டார். முதலாளி விளக்கினார். நாய் என்ற சொல் அவருக்குப் புரிந்தது, அதற்குமேல் எதுவும் புரியவில்லை. ஊருக்குப் போய், மிஷினைப் பாக்கெட் பிரிவின் கடைசியில் மாற்றி வைத்தபிறகு ஆர்டரைப் பேசலாம் என்று எழுதினார். "மலையாளத்தான் நாய வீட்டுக்குள்ள விடுவான் போல," என்று முதலாளி அந்தக் காகிதத்தை மடித்து வைத்தார். மாரீஸ்வரி இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவையும் அடுப்படி வந்தது.

போன மார்கழியில் மறுபடி ஒரு பாக்கெட் திரும்பி வந்தது. மறுபடி கம்பி. மாரீஸ்வரி இப்போது சல்லடையைத் தினமும் திறந்து பார்க்கிறாள், ஆனால் வலை பழையது. காலையில் நன்றாக இருப்பது மத்தியானம் அறுந்தால் யார் கண்டது? புது வலை கேட்டு இரண்டு முறை எழுதியிருந்தாள். செவலைக்கு ஒன்றும் ஆகாது என்று பதில் வந்திருந்தது.

முதலாளி உள்ளங்கையில் கம்பியோடு பாக்கெட் பிரிவுக்கு வந்தார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். இந்தமுறை யாரிடமும் ஊக்கு இல்லை, பின் இல்லை, வளையல் இல்லை. வரிசையில் நடந்தவர் முத்துலட்சுமி என்ற பெண்ணின் முன் நின்றார். வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கத்து மூக்குத்தியைச் சட்டத்துக்காகக் கழற்றிவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

"மூக்குத்தி எங்க?"

அந்தப் பெண் முழித்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே முழி. "மாரி, நோட்ட எடு," என்றார் முதலாளி.

மாரீஸ்வரி நோட்டை எடுக்கவில்லை. அன்றைக்கு ஒட்டி அடுக்கியிருந்த மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் அள்ளினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று கேட்டுக்குப் போனாள். என்னமோ ஏதோ என்று எல்லோரும் பின்னால் போனார்கள், முதலாளியும் போனார். அவள் மிளகாய்த் தட்டைத் தள்ளிவிட்டு, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பெல்ட்டில் வைத்தாள். பத்து போனது, இருபது போனது. இருபத்தேழாவது பாக்கெட்டுக்கு மிஷின் கத்தியது.

முதலாளியின் முகம் கறுத்தது. "வீட்டுச் சரக்கப் பாத்துக் கொரைக்குது," என்றார் மெல்ல. "வெறி பிடிச்சிருச்சு. ஏலே விஜய்பாண்டி, மிஷின் கம்பெனிக்குப் போனப் போடு, ஊசி போடச் சொல்லு."

எலெக்ட்ரீஷியன் விஜய்பாண்டி போனை எடுத்தார். அவரும் பதினோரு வருடமாக அங்கே இருப்பவர், ஊசி என்றால் ரிப்பேர் என்று தெரியும்.

"நாய்க்கு ஒண்ணுமில்லைங்கய்யா," என்றாள் மாரீஸ்வரி. "அது சரியாத்தான் கொரைக்குது. செவலைக்குப் பல்லு விழுந்துருச்சு."

அவள் பாக்கெட்டைக் கிழித்து, தூளை முறத்தில் கொட்டி, விரலால் துழாவி ஒரு கம்பியை எடுத்தாள். பிறகு உள்ளே போய், செவலையை நிறுத்தச் சொல்லி, எட்டு போல்ட்டையும் கழற்றி, சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓரத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குப் பொத்தல். முதலாளி கம்பியை வாங்கிப் பொத்தலின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. மாட்டை வாங்குகிறவன் செய்கிற முதல் காரியம் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பது. பதினெட்டு வருடமாக ஸ்க்ரூவைப் பார்த்தவர், இந்த வாயைப் பிளந்து பார்த்ததே இல்லை.

"மூணு வருசத்துக்கு முந்தியும் இதேதான்," என்றாள் மாரீஸ்வரி. "தெனமும் பல்லப் பிடிச்சுப் பாக்க வேண்டியவ நான். அன்னைக்கு நான் பாக்கல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். பவுனக்கா ஊக்கு இல்லைங்கய்யா அது. என்னைய என்ன வேணாப் பண்ணுங்க."

காந்தத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதை மட்டும் விழுங்கினாள்.

தங்கப்பாண்டியன் செவலையின் மேல் கையை வைத்தபடி நின்றார். மிஷின் இன்னும் சூடாக இருந்தது. "வயசான மாட்டுக்கு மொதல்ல பல்லுதான் போகும்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அன்று முழுக்க ஆபீசை விட்டு வெளியே வரவில்லை. மாரீஸ்வரி தன் டிபன் பாக்ஸையும் குடையையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். சாயங்காலம் கூப்பிட்டார்.

"நாய உள்ளார கட்டச் சொல்லிட்டேன்," என்றார். "செவலையப் பழைய இரும்புக்குப் போடலாம்னு மதன் போன்ல சொல்றான். அடிமாட்டுக்கு விக்கிற குடும்பமா இது? பின்னாடி செட்டுல நிக்கட்டும்." மேசை மேலிருந்த கம்பியைத் தள்ளி வைத்தார். "நல்ல மாட்டப் போயி வெரட்டிப்புட்டோம் மாரி. சங்கிலியக் கூட்டிக்கிட்டுப் போயிப் பவுனக் கூட்டியா."

மறுநாள் இருவரும் தேனி மார்க்கெட்டுக்குப் போனார்கள். பவுனு வெங்காயக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தாலிக்கயிற்றில் ஒரே ஒரு ஊக்கு தொங்கியது. சங்கிலி குத்தவைத்து உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து இருவருக்கும் நடுவில் விரித்தார். அவருக்கு வேறு முறை தெரியாது. பொம்பளைப் பிள்ளையின் விரலைப் பிடிக்கக் கூசி, துண்டுக்கடியில் தன் கையை மட்டும் நீட்டி, "நீயே பிடிச்சுக் கேளு தாயி. மொதலாளி எம்புட்டுனாலும் தரச் சொன்னாக," என்றார்.

பவுனு துண்டை எடுத்தாள். உதறி, நான்காக மடித்து, அவர் மடியில் வைத்தாள்.

"ஊக்குன்னு சொன்னப்பத் துண்டு போட்டா சொன்னாக? முப்பது பேரு காதுபடத்தான சொன்னாக. அதே எடத்துல, அதே மாதிரி சத்தமா, அது என் ஊக்கு இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. பழைய சம்பளத்துக்கே வாரேன்."

மாரீஸ்வரியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இதைக் கேட்ட முதலாளி இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுச் சந்தையில் வியாபாரம் முடிந்தபின் விற்றவனும் வாங்கினவனும் தப்பு என்று வாய்விட்டுச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அதற்கென்றுதானே துண்டு கண்டுபிடித்தார்கள். தைப் பொங்கலுக்கு முதல் நாள், "அவள மாட்டுப் பொங்கலுக்கு வரச் சொல்லு," என்று மட்டும் சொன்னார்.

மாட்டுப் பொங்கலன்று மயிலைக்கு வர்ணம் அடித்து மாலை போட்டிருந்தார்கள். பின்னால் செட்டில் நின்ற செவலைக்கும் ஒரு மாலை. டிடெக்டருக்கு மாலை போடலாமா என்று பேச்சு வந்து, நாய்க்கு வழக்கமில்லை என்று பொட்டு மட்டும் வைத்தார்கள். முப்பத்திரண்டு பேரும் பாக்கெட் பிரிவில் நின்றார்கள். பவுனு, மூன்று வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். முதலாளி தொண்டையைச் செருமினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பத் தோளில் போட்டார்.

"செவலைக்குப் பல்லு போனத நான் பாக்கல," என்றார். குரல் பாதியில் இறங்கியது. பவுனு அசையாமல் நின்றாள். அவர் குரலை ஏற்றினார். "கம்பி மிஷினுல இருந்து வந்தது. பவுனு ஊக்கு இல்ல. நான் தப்பாச் சொல்லிப்புட்டேன்." பின்வரிசைக்குக் கேட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பொங்கல் பொங்கியது, எல்லோரும் சத்தம் போட்டார்கள், அவர் அந்தச் சத்தத்தோடு சத்தமாக வெளியே போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் மாரீஸ்வரி பவுனுக்குப் புதுத் தலையுறையும் மேல் அங்கியும் எடுத்து வந்தாள். பவுனு கழுத்திலிருந்த ஊக்கைக் கழற்றினாள். நேராக மிளகாய்ப் புனலுக்குப் போய், காந்தத்துக்கு ஒரு சாண் முன்னால் அதை நீட்டினாள். அது விரலிலிருந்து துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"நோட்டுல எழுதுனவ நீ," என்றாள். "இத அன்னைக்கே வச்சுப் பாக்க எம்புட்டு நேரம் ஆகியிருக்கும் மாரி?"

அன்றைக்கு மாரீஸ்வரி விழுங்கியது மேலே வந்தது. "அன்னைக்கே வச்சுப் பாத்தேங்க்கா," என்றாள். "கம்பி ஒட்டல. ரெண்டு தடவ வச்சுப் பாத்தேன். தெரிஞ்சுதான் எழுதுனேன்."

பவுனு காந்தத்திலிருந்து ஊக்கைப் பிய்த்தெடுத்தாள்.

"தெரியும். சாப்பாட்டுத் தூக்குவாளிய எடுக்க வந்தப்ப, நீ இங்கன குனிஞ்சு கம்பியத் தேடுனத நான் பாத்தேன்," என்றாள். "அதான் மொதலாளி மேல எனக்கு ஒருநாளும் கோவமே வரல."

ஊக்கை மாரீஸ்வரியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தலையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மாரீஸ்வரி அதை மூடிப் பிடித்தாள். பிறகு இப்போது ஓடுகிற மயிலையின் பக்கம் போய், லீவு நாளாக இருந்தாலும், சல்லடையின் முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.